பின்பாரம்

காலையில் வாகனம் திருத்தும் தன் கராச்சின் தகரக் கதவைத் தள்ளித் திறந்ததுமே வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து நிற்பதைச் சீவரத்தினம் கண்டான்.

பெரிய சரிவு இல்லை. தெருவால் போகிற ஒருவன் பார்த்தால் ஒன்றும் தெரிந்திராது. ஆனால் முதல்நாள் பின்னேரம்தான் அவன் நூல் பிடித்து மட்டம் பார்த்து, முன்னும் பின்னும் ஒரே உயரத்தில் நிற்பதைக் கண்டு, மனம் நிறைந்து கைகழுவிவிட்டுப் போயிருந்தான். இப்போது யாரோ பின்னால் ஏறி உட்கார்ந்திருப்பதுபோல அது நின்றது. பின்கதவைத் திறந்து பார்த்தான். ஆட்கள் உட்கார இருபக்கமும் நீளவாக்கில் போட்ட இரண்டு மர வாங்குகள். வெறும் வாங்குகள். புதுப் பெயின்ற் மணமும், அதற்கு அடியில், எங்கிருந்து வருகிறதென்று சொல்ல முடியாத பழைய புகை மணமும்.

அது ஐம்பதுகளில் இலங்கைக்கு வந்த லாண்ட்ரோவர் வாகன். ஒரு காலத்தில் மலைநாட்டில் ஏதோ ஒரு தோட்டத்துரையைச் சுமந்து, பிறகு பலபேரிடம் போய்ச் சீரழிந்து, கடைசியில் மணற்காட்டுக் கரையில் கோழி அடையும் கூடாகக் கிடந்தது. அலுமினியத்தாலான மேலுடம்பை உப்புக்காற்று ஒன்றும் செய்யவில்லை. அதைத் தாங்கி நின்ற செசி, அந்த இரும்பு அடிச்சட்டம் மட்டும், கறையான் தின்ற மரம்போலத் தொட்ட இடமெல்லாம் உதிர்ந்தது. கரைவலை முதலாளியான சம்மாட்டி நீக்கிலாப்பிள்ளை அதை உழவு மெசினில் கட்டி இழுத்துக்கொண்டு கொடிகாமம் வரை வந்திருந்தார்.

"தம்பி, எனக்கு உது ஓடவேணும்," என்றார். "வடிவு தேவையில்லை. மணலுக்குள்ளை புதையாமல் ஆசுபத்திரி மட்டும் போனால் காணும்."

"செசி முழுக்க உக்கிப்போச்சு அண்ணை. எஞ்சினும் இறுகிப்போச்சு. எல்லாம் புதுசாத்தான் செய்யவேணும்."

"செய். மார்கிரட்டுக்குக் கார்த்திகை கடைசியிலை பிள்ளைப்பேத்துக்கு நாள்." மார்கிரட் அவருடைய ஒரே மகள். "போனமுறை மாட்டுவண்டிலிலை கொண்டுபோனனாங்கள். மணலுக்குள்ளை சில்லு இறுகி நிண்டுட்டுது. பிறந்த பிள்ளை வண்டிலுக்குள்ளையே கண்ணை மூடீட்டுது." இதைச் சொல்லும்போது அவர் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுக்கச் சீவரத்தினத்தால் முடியவில்லை. தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு அது. போரால் அடைபட்ட குடாநாட்டுக்குள் பெற்றோலும் இல்லை, கரண்டும் இல்லை; மண்ணெண்ணெய் ஜெனரேற்றரில்தான் கராச் நடந்தது. ஒரு ஆணி தேடி ஊரூராய்ச் சைக்கிள் உழக்கவேண்டிய காலம். அவன் ஒரு பழைய ஒஸ்ரின் காரின் எஞ்சினை எடுத்து மண்ணெண்ணெய்க்கு மாற்றினான். அது லாண்ட்ரோவரின் கியர்பெட்டியோடு சேரவில்லை. இடையில் ஒரு தட்டைக் கடைந்து இரண்டையும் பொருத்தினான். நாலு சில்லுக்கும் இழுவை கொடுக்கும் பெட்டியைப் பல்லுப் பல்லாகக் கழற்றிக் கழுவிப் பூட்டினான். சில்லுகளைச் சுழற்றும் சாப்டுகளை வெட்டி நீளம் குறைத்தான். செசிக்குத்தான் இரும்பு கிடைக்கவில்லை. கடைசியில் பழைய இரும்பு வியாபாரி இராசநாயகம் எரிந்துபோன ஒரு மினிபஸ்ஸின் செசியை, பாரம் தாங்கும் வில்லுத் தகடுகளோடு, கொண்டுவந்து இறக்கினார். நெருப்பில் கிடந்து நீலம் பாய்ந்த இரும்பு. சீவரத்தினம் அதைக் குறுக்கி, ஒடுக்கி, குறுக்குச் சட்டங்கள் வைத்து ஒட்டி, லாண்ட்ரோவரின் உடம்பை அதன்மேல் தூக்கி வைத்தான்.

நெருப்புப் பட்ட வில்லுத் தகட்டுக்குப் பலம் இருக்காது. அதுதான் சங்கதி என்று தனக்குள் சொல்லிக்கொண்டு லொறித் தகடுகள் தேடி மாற்றினான். வண்டி நிமிர்ந்தது. மறுநாள் காலை தாழ்ந்திருந்தது. இன்னொரு தகடு கூட்டினான். நிமிர்ந்தது. தாழ்ந்தது. ஒவ்வொரு முறையும் முன்னையைவிடக் கொஞ்சம் கூட.

ஒருநாள் உச்சிவெயில் நேரம், சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, பின்சாப்டின் ஆணிகளை இறுக்கிக்கொண்டிருந்தான். தெருவில் ஒரு சைக்கிள் மணிகூட இல்லை. வெயிலில் விரிந்த கூரைத்தகரம் இடையிடையே படக்கென்று தெறித்தது. முற்றத்துத் தென்னையில் ஒரு ஓலை விழப் பார்த்து, விழாமல், காற்றுக்கு உரசிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தங்களுக்கு நடுவே, கிட்ட, மிகக் கிட்ட, இரும்பு முனகுவது கேட்டது.

பின்கதவுப் படி மெல்லக் கீழே அமிழ்ந்தது. பிறகு மேலே வந்தது. மேலே வாங்குப் பலகை கிறீச்சிட்டது.

"ஆரது?"

தலையைத் திருப்பிப் பார்த்தான். பின்சில்லுகளுக்கு நடுவில் வெயில் விழுந்த வெறும் தரை தெரிந்தது. கால்கள் இல்லை. படி மறுபடி அமிழ்ந்தது. மறுபடியும். அவசரமில்லாமல், வரிசையில் நின்று பஸ் ஏறுகிற சனம்போல. ஒவ்வொரு தடவைக்கும் செசி ஒரு நூல் கீழே வந்தது. நெஞ்சுக்கும் அதற்கும் இடையிலிருந்த வெளி குறைந்தது. ஸ்பானர் பிடித்த கையை மடக்க முடியவில்லை. சட்டைப் பொத்தானில் இரும்பு தொட்டது. குளிர்ந்திருந்தது. அந்த வெயிலிலும். மூச்சை வெளியே விட்டான். திரும்ப இழுக்க இடமில்லை.

முதுகுத்தோல் சிமெந்துத் தரையில் உரிய, எப்படியோ பக்கவாட்டில் இழுபட்டு வெளியே வந்து விழுந்தான். அவன் சாத்தியிருந்த பின்கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒருவரும் இல்லை. வாங்குகளில் படிந்திருந்த அரத்தூள் மட்டும், ஆள் உட்கார்ந்தால் அழிவதுபோல, பக்கத்தில் பக்கத்தில் அழிந்திருந்தது.

அவனுடைய மனைவி பத்மாசினி ஒரு தட்டம் நிறையத் தேத்தண்ணிக் கோப்பைகளோடு வாசலில் நின்றாள்.

"ஆக்கள் போயிட்டினமோ?" என்று கேட்டாள். "பொம்பிளையளும் கதைச்சுக் கேட்டுது. அதுதான் எல்லாருக்குமாப் போட்டுக்கொண்டு வந்தன்."

"ஒருத்தரும் வரேல்லை."

அவள் அவனுடைய முகத்தைப் பார்த்தாள். பிறகு வண்டியைப் பார்த்தாள். தட்டத்தைக் கீழே வைத்தாள். "உந்த வண்டியைக் கொண்டுபோய்க் குடுத்துப்போட்டு வாங்கோ," என்றாள். "இஞ்சை வேண்டாம்."

அன்று பின்னேரமே அவன் சந்தைக்குப் பின்னாலிருந்த இராசநாயகத்தின் கடைக்குப் போனான். இராசநாயகம் பழைய செம்புக்கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, அந்த மினிபஸ் எரியேக்கை உள்ளுக்கை ஆக்கள் இருந்தவையோ?"

"ஓம். நிறைஞ்ச சனமாம்."

"எல்லாரையும் எடுத்தவையோ?"

இராசநாயகத்தின் கை நின்றது. "எடுக்கக்கூடியதை எடுத்தவை, தம்பி."

"வேறை செசி ஒண்டு கிடைக்குமோ?"

"எங்கை கிடைக்கும்? உதே பெரிய பாடு."

திரும்பும் வழி முழுக்க அவன் கணக்குப் போட்டான். எல்லாவற்றையும் பிரித்து, வேறு இரும்பு தேடி, மறுபடி ஒட்டி எடுக்கக் கார்த்திகை போய்விடும். மார்கிரட் மறுபடி மாட்டுவண்டியில்தான் போகவேண்டும். இரும்புதானே, என்று சொல்லிப் பார்த்தான். நெருப்பில் கிடந்தால் என்ன, நீரில் கிடந்தால் என்ன, வெறும் இரும்புதானே. சொல்லச் சொல்ல நெஞ்சில், பொத்தான் இருந்த இடத்தில், அந்தக் குளிர் ஊறியது.

கார்த்திகை நடுவில் ஒரு மழைநாளில் வண்டியை மணற்காட்டுக்குக் கொண்டுபோனான். தனியாகத்தான் போனான். ஆனால் வெறும் வண்டி ஓட்டுவதுபோல இருக்கவில்லை. திருப்பங்களில் பின்பக்கம் ஒருபக்கமாய்ச் சாய்ந்து, பிறகு தன்னைச் சரிப்படுத்திக்கொண்டது. அவன் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

நீக்கிலாப்பிள்ளை மழைக்குள் ஓடிவந்தார்.

"கடவுளேயெண்டு வந்தாய், தம்பி! விடிய வெள்ளன நோ தொடங்கீட்டுது. நாள் கிடக்கு எண்டிருந்தம். நீதான் ஓட்டவேணும். எங்களிலை ஆருக்கு உந்தக் கியருகள் விளங்கும்?"

சீவரத்தினம் வண்டியைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தான். வீட்டு வாசலில் மார்கிரட் நிலையைப் பிடித்துக் குனிந்து நின்றாள். பக்கத்தில் அவளுடைய தாய் லூர்த்தம்மா, மகளின் இடுப்பைத் தாங்கியபடி, அவனையே பார்த்தாள். அவன் போய்ப் பின்கதவைத் திறந்துவிட்டான்.

மார்கிரட்டும் தாயும் பின்னால் ஏறினார்கள். நீக்கிலாப்பிள்ளையும் கரைவலை இழுக்கும் பெடியள் சிலரும் பின்படியில் தொற்றிக்கொண்டார்கள். எஞ்சினுக்குச் சேர்த்துவைத்திருந்த பெற்றோலில் ஒரு சொட்டு விட்டு, பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினான். வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு வண்டி புறப்பட்டது. இருபக்கமும் சவுக்குமரங்கள் மழையில் இரைந்தன. பகல்தான்; ஆனால் வானம் கறுத்துப்போய், இருட்டும் மைம்மல் பொழுதுபோல இருந்தது. கடலின் இரைச்சலா மரங்களின் இரைச்சலா என்று பிரித்தறிய முடியவில்லை. ஈரமணல் சில்லுகளைப் பிடித்துப் பிடித்து விட்டது. மணல்மேட்டுத் திருப்பத்தில் விடவில்லை. பின்சில்லுகள் அச்சுவரை புதைந்தன.

"என்ன தம்பி, பின்பாரம் கூடவாக் கிடக்கு!" என்று நீக்கிலாப்பிள்ளை கத்தினார்.

"தொங்குற ஆக்கள் எல்லாரும் இறங்குங்கோ!"

"இறங்கியாச்சு!"

வெளியே தலையை நீட்டிப் பார்த்தான். எல்லோரும் மணலில் நின்றார்கள். வண்டி ஒரு மயிரிழைகூட எழவில்லை.

சின்னக் கியரைப் போட்டான். நாலு சில்லுக்கும் இழுவை கொடுத்தான். செசி முழுவதும் நடுங்கியது. வண்டி முன்னால் ஊர்ந்தது. எழுந்தது. ஓடியது. "நிப்பாட்டாதை!" என்று பின்னால் நீக்கிலாப்பிள்ளையின் குரல் கேட்டது. "எங்களுக்காக நிப்பாட்டாதை, போ!"

அவன் நிறுத்தவில்லை. இனிப் பின்னால் இரண்டு பெண்கள் மட்டும்தான்.

லூர்த்தம்மா செபம் சொல்லத் தொடங்கினாள். அவள் முன்பாதியைச் சொல்ல, மறுபாதியைச் சொல்லவேண்டியவள் மகள். மார்கிரட் சொல்லவில்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவது சீவரத்தினத்துக்குக் கேட்டது. ஆனாலும் மறுபாதி வந்தது. முதலில் ஒரு ஆண்குரல்போல, தாழ்ந்து. அடுத்த முறை இன்னும் சில. செபம் தெரியாதவர்கள், தெரிந்தவரைப் பார்த்துக் கூடச் சொல்வதுபோல, சொற்கள் இல்லாத ஒரு முணுமுணுப்பு.

லூர்த்தம்மா நிறுத்திவிட்டாள்.

முணுமுணுப்பு நிற்கவில்லை.

"அக்கா," என்றான் சீவரத்தினம். "லூர்த்தம்மாக்கா. பின்னாலை ஆர்?"

புகை மணம். கண்ணாடியில் உள்ளிருந்து நீராவி படிந்திருந்தது. நிறையப் பேர் மூச்சு விட்டால் படிவதுபோல.

மார்கிரட்தான் பேசினாள். களைத்த குரல். பயமில்லாத குரல். "கொஞ்சம் தள்ளி இருங்கோ. காலை நீட்ட ஏலாமல் கிடக்கு."

வாங்குப் பலகை கிறீச்சிட்டது. ஒன்றன்பின் ஒன்றாக. தள்ளி இருந்தார்கள்.

அவன் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தான். பார்க்காதே. தெருவைப் பார். சவுக்குகள் முடிந்தன. பனைகள். தார்த்தெரு. இன்னும் கொஞ்சத் தூரம். ஆசுபத்திரி. இன்னும் கொஞ்சம்.

ஒரு நீண்ட அலறல். பிறகு, மெல்லிய, புத்தம் புதிய அழுகை.

பிள்ளை. உயிரோடு. அவனையறியாமல் அவனுடைய கால் பிறேக்கை மிதித்தது. மண்ணெண்ணெய் எஞ்சின் இரண்டு தரம் உதறி நின்றுபோனது. மழை மட்டும். அழுகை மட்டும். பின்னால் லூர்த்தம்மா கொடியை அறுத்து, பிள்ளையைச் சீலையில் சுற்றும் அரவம்.

அவன் திரும்பினான்.

மார்கிரட் தரையில் சாய்ந்திருந்தாள். லூர்த்தம்மா முழங்காலில் நின்று, இரு கைகளையும் பின்கதவுப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தாள். கைகள் வெறுமையாக இருந்தன.

வெள்ளைச் சீலையில் சுற்றிய குழந்தை, வாங்கில் இருப்பவரின் நெஞ்சு உயரத்தில் இருந்தது. வாங்கில் ஒருவரும் இல்லை. அது கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. யாரோ குனிந்து முகம் பார்ப்பதுபோல. பிறகு நகர்ந்தது. அடுத்த இடத்தில் நின்றது. எதிர் வாங்குக்கு மாறியது. மெல்ல ஆடியது. அழுகை ஓய்ந்துவிட்டது. கைகள் தெரியவில்லை. கைமாறுவது தெரிந்தது.

"தலை, தலை," என்றாள் மார்கிரட், சிரித்த முகத்தோடு. "தலையைப் பிடிச்சுத் தாங்கோ."

பின்கதவு திறந்தது.

வெளியே யாரும் இல்லாத தார்த்தெருவில் மழை பெய்துகொண்டிருந்தது. அந்த மழைக்குள், தரையில் படாமல், நெஞ்சு உயரத்தில், ஒருவரிடமிருந்து அடுத்தவரிடம், அவரிடமிருந்து அதற்கடுத்தவரிடம், கண்ணுக்கெட்டிய தூரம்வரை, அந்த வெள்ளைப் பொதி போய்க்கொண்டே இருந்தது.