வெளியே வந்த நேரம்

சேம்பருக்குள் யாருமே போகாத நேரத்தில் ஈரப்பதம் எழுபத்தைந்திலிருந்து எழுபத்தேழுக்கு ஏறியிருந்தது. வரைபடத் தாளில் நேராக ஓடிய நீலக்கோடு மாலை நாலரை மணிக்குச் சின்னதாகப் புடைத்து, பத்து நிமிடம் அப்படியே இருந்து, மறுபடி இறங்கியிருந்தது. ஆள் ஒருவர் உள்ளே நின்று மூச்சுவிட்டால்தான் அந்தக் கோடு அப்படிப் புடைக்கும். இஃபத் பயப்படவில்லை. இந்தக் கம்பெனியில் எந்த மெஷின்தான் ஒழுங்காக வேலை செய்திருக்கிறது என்று நினைத்து உதட்டைப் பிதுக்கினாள்.

திருமழிசை தொழிற்பேட்டையில் இருந்த அந்த மாத்திரைக் கம்பெனியில் ஒரு வருடம் பயிற்சி எடுத்தால்தான் அவளுக்குப் பட்டம். முடிவில் மேலாளர் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் கல்லூரிக்குப் போகவேண்டும். போகாவிட்டால் மறுபடி முதலிலிருந்து ஒரு வருடம். பூந்தமல்லியில் தையல் மெஷின் ரிப்பேர் செய்யும் அவளுடைய அத்தா கலீல் ரகுமான், மகள் மருந்து கண்டுபிடிக்கிறாள் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். மகள் முதல் நாலு மாதம் கண்ணாடிக் குடுவை கழுவினாள். பிறகு அவளை சேம்பருக்கு மாற்றினார்கள்.

சேம்பர் என்பது ஒரு சின்ன அறை அளவுக்கு இருக்கும் எஃகுப் பெட்டி. நாற்பது டிகிரி சூட்டிலும் ஈரத்திலும் மாத்திரைகளை அடுக்கி வைத்து, மூன்று வருடத்தில் அவை என்ன கதியாகும் என்று ஆறே மாதத்தில் தெரிந்துகொள்ளும் ஏற்பாடு. ஜூன் மாதத் திருமழிசையில் வெளியேயும் அதே நாற்பதுதான். அதற்கு மட்டும் யாரும் பதிவேடு வைக்கவில்லை.

சேம்பர் வாசலில் ஒரு பதிவேடு இருந்தது. பெயர், உள்ளே சென்ற நேரம், வெளியே வந்த நேரம், கையெழுத்து. உள்ளே யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக வைத்தது. ஆனால் அந்த ஆய்வகத்து மகான்கள் உள்ளே போகும்போதே இரண்டு நேரத்தையும் எழுதிவிடுவார்கள். திரும்பி வந்து இன்னொரு தடவை பேனாவைத் தேடுவானேன்? உதவியாளர் ராஷித் இன்னும் ஒரு படி மேலே போய், காலையில் வந்ததுமே அன்றைக்கு முழுவதும் தான் போகப்போவதையும் வரப்போவதையும் எழுதி முடித்துவிட்டு டீ குடிக்கப் போவான். மேலாளர் நாகேந்திரன் சனிக்கிழமை மதியம் ஒரு வாரத்துப் பக்கங்களையும் சேர்த்து, படிக்காமலேயே கையெழுத்துப் போடுவார்.

"எழுதினதுதாம்மா நடந்தது. எழுதலைன்னா நடக்கவே இல்ல," என்பார் அவர், ஏதோ வேதவாக்கு போல. "ஆடிட்டர் பேப்பரைத்தான் பாப்பான். உன் மூஞ்சியைப் பாக்கமாட்டான்."

இஃபத் அவரை மனதுக்குள் கழுவி ஊற்றினாள். அவள் மட்டும் வெளியே வந்த பிறகே வெளியே வந்த நேரத்தை எழுதினாள், எல்லாரும் பார்க்கும்படி. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்தப் பதிவேட்டில் ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தது. போன வருடம் மே மாதம். பெயர் நிவேதிதா, உள்ளே சென்றது நாலரை மணி. வெளியே வந்த நேரம் இல்லை.

"உனுக்கு முன்னாடி இருந்த டிரெய்னிம்மா," என்றான் ராஷித். "பாதியிலயே ஓடிட்ச்சி. பையைக்கூட எடுத்துகினு போவல."

"யாரும் தேடலையா, ராஷித் அண்ணே?"

"ஊட்லேந்து வந்து அழுதாங்க. சார் வாசல் கேட்டு நோட்டைக் காட்டினாரு. அதுல வெளியே போன நேரம் எழுதிக் கீது, இன்னா பண்றது?"

கேட்டு நோட்டையும் வாட்ச்மேன் காலையிலேயே நிரப்பிவிடுவான் என்பது இருவருக்கும் தெரியும்.

"இந்த சேம்பருக்குள்ள பார்த்தீங்களா?"

"பாக்காமயா? தெனம் நாலு வாட்டி தொறக்கிறோம். ஒண்ணுமில்ல."

ஒரு வருடம் தாக்குப்பிடிக்க முடியாமல் ஓடியவள் என்று நிவேதிதாவையும் இஃபத் இளக்காரமாகவே நினைத்தாள். ஆனால் அதற்குப் பிறகு கோடு நாலரை மணிக்குப் புடைக்கும்போதெல்லாம் கண் தானாகப் பதிவேட்டின் அந்தக் காலிக் கட்டத்துக்குப் போனது. சேம்பருக்குள் நனைந்த அட்டைப்பெட்டி வாடையும், பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரையின் நெடியும், மின்விசிறியின் ஓயாத ரீங்காரமும் எப்போதும் இருப்பவைதான். அந்த ரீங்காரத்துக்கு அடியில், கடைசி அடுக்குக்குப் பின்னாலிருந்து, அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கி எடுக்கும் 'டப்' என்ற சின்னச் சத்தம் வந்தது. நிதானமாக. ஒன்று, பிறகு இன்னொன்று. போய்ப் பார்த்தால் பத்து மாத்திரையும் பிதுக்கப்பட்ட காலி அட்டை கிடந்தது. தலைவலிக்கு ராஷித் எடுத்திருப்பான், திருட்டுப்பயல் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நாகேந்திரன் விசாரிக்கவில்லை, எண்ணிக்கையைத் திருத்தி எழுதினார்.

பயிற்சியின் கடைசி நாள் வந்தது. மறுநாள் காலை ஆடிட். அழைத்துப் போக அத்தா ஸ்கூட்டரில் வருவதாகச் சொல்லியிருந்தார். ஐந்தரை மணிக்கு நாகேந்திரன் பதிவேட்டைத் திறந்து அவள் முன்னால் வைத்தார்.

"இந்த ஒரு கட்டம் காலியா இருக்கு. ஒரு நேரத்தைப் போட்டு ரொப்பிடு."

"அவங்க வெளிய வந்ததை நான் பார்க்கலையே, சார்."

"யாரு பாத்தா? போடும்மா. உன் சர்டிபிகேட் அதோ மேசை மேலதான் இருக்கு. நாளையிலேந்து ஆடிட், அப்புறம் ரெண்டு வாரம் நான் லீவு. உங்க காலேஜுல நாளைக்குத்தானே கடைசி தேதி?"

அவர் சிரிக்கக்கூட இல்லை. அந்த வழுக்கைத் தலையில் குடுவையைப் போட்டு உடைக்கவேண்டும் போலிருந்தது. ஒரு வருடம் இவர்களைப் பார்த்து மனதுக்குள் காறித் துப்பியவள் பேனாவை எடுத்தாள். வாயில் வந்த நேரத்தை எழுதினாள். 5.40. தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"சமத்து. கடைசி அடுக்குல பி-காம்ப்ளெக்ஸ் பெட்டி எத்தனைன்னு எண்ணிட்டு வந்துடு. அதுக்குள்ள கையெழுத்துப் போட்டு வெக்கிறேன்."

புது வரியில் தன் பெயரை எழுதினாள். உள்ளே சென்றது 5.35. அடுத்த கட்டத்தை, வழக்கம்போல, காலியாக விட்டாள்.

கதவு மூடியதும் சூடு ஈரத்துணி போல முகத்தில் ஒட்டிக்கொண்டது. கடைசி அடுக்குக்குப் போய்க் குனிந்து பெட்டிகளை எண்ணத் தொடங்கினாள். ஏழு, எட்டு, ஒன்பது. மின்விசிறி நின்றது. இத்தனை மாதத்தில் அது நின்று அவள் கேட்டதில்லை.

அமைதியில் யாரோ மூச்சு விட்டார்கள்.

அவளுடையது அல்ல. பின்னால். காதுக்குப் பக்கத்தில்.

இஃபத் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. ஈரப் பாதங்கள் எஃகுத் தரையில் ஒட்டி ஒட்டிப் பிரியும் சத்தம் அவளைக் கடந்து போனது. தரையில் ஒரு குதிகால் தடம். இன்னொன்று. கதவு திறந்தது. மூடியது. கைக்கடிகாரத்தில் ஐந்து நாற்பது.

அவள் ஓடினாள். கைப்பிடி சுலபமாகத் திரும்பியது. கதவு திறந்தது, வெளிக்காற்று முகத்தில் பட்டது, காலை எடுத்து வாசலுக்கு அப்பால் வைத்தாள்.

கடைசி அடுக்குக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

மறுபடி ஓடினாள். மறுபடி அடுக்கு.

ராஷித் உள்ளே வந்தான். "அண்ணே! ராஷித் அண்ணே!" அவன் அவள் தோளுக்கு மேலாகக் கை நீட்டி ஒரு பெட்டியை எடுத்தான். காதைச் சொறிந்துகொண்டே போனான். அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டே கூடப் போனாள். வாசல். அடுக்கு. கையில் சட்டை இல்லை.

கதவின் சிறு கண்ணாடியில் முகத்தை அழுத்தினாள். மேசையருகே ஒருத்தி நின்றாள். ஆய்வக வெள்ளைக் கோட்டிலிருந்து நீர் சொட்டியது. கூந்தல் கன்னத்தோடு ஒட்டியிருந்தது. சான்றிதழில் கையெழுத்துப் போட்ட நாகேந்திரன் தலையை நிமிர்த்தாமலேயே அதை அவளிடம் நீட்டினார். அவள் இஃபத்தின் பையை மாட்டிக்கொண்டாள்.

எதிர்ச் சன்னல் வழியே கேட்டு தெரிந்தது. அத்தாவின் ஸ்கூட்டர். பையோடு அவள் அதன் முன்னால் போய் நின்றாள்.

"அத்தா! முகத்தைப் பாருங்க அத்தா!"

பார்த்தார். நன்றாகவே பார்த்தார். கைக்குட்டையை எடுத்து அந்த நெற்றியின் ஈரத்தைத் துடைத்துவிட்டார். சான்றிதழை இரு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அது வண்டியில் ஏறி உட்கார்ந்து, வெளுத்து ஊறிச் சுருங்கிய கையை அவர் இடுப்பில் சுற்றியது. அத்தா அந்தக் கையை இரண்டு தடவை தட்டிக்கொடுத்துவிட்டு, பூந்தமல்லிப் பக்கம் வண்டியைத் திருப்பினார்.