ஏழாம் பக்கத்தில் சிவப்புக் கோடு

ஏழாம் பக்கத்தில் ஒரு சிவப்புக் கோடு நின்றது.

மாதவி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். கோடு போகவில்லை. மின்னி மின்னி அங்கேயே நின்றது.

மாணவர் இதழை மூன்று பேர் சேர்ந்து கணினியில் தயாரித்தார்கள். கோப்பு ஒன்றுதான். அது இணையத்தில் இருந்தது. மூவரும் ஒரே நேரத்தில் அதில் எழுதலாம். யார் எந்த இடத்தில் இருக்கிறார்கள் என்பதை ஒரு சின்னக் கோடு காட்டும். மாதவிக்கு நீலம். குணாளனுக்குப் பச்சை. திலகா டீச்சருக்கு மஞ்சள்.

சிவப்பு யாருக்கும் இல்லை.

"குணா, இங்க வா."

பக்கத்துக் கணினியிலிருந்து குணாளன் எட்டிப் பார்த்தான். "நான் ஒண்ணுமே தொடல."

"யாரு இது?"

குணாளன் சுட்டியைக் கோட்டின் மேல் வைத்தான். 'பெயரில்லாதவர்' என்று வந்தது.

வெளியே மழை பிடித்திருந்தது. தோட்டப் பள்ளியைச் சுற்றி, எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள் இருட்டாகத் தெரிந்தன. மற்ற பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். டீச்சர் அலுவலகத்தில் இருந்தார்.

"பேயா இருக்குமோ?" என்றான் குணாளன் மெதுவாக.

"சும்மா இரு லா. நம்ம தோட்டத்துல மனுசனுக்கே லைன் கெடைக்கல."

சிவப்புக் கோடு நகர்ந்தது.

ஒரு பத்தியின் கடைசி எழுத்துக்குப் போனது. அதை அழித்தது. அடுத்ததை அழித்தது. ஒவ்வொன்றாக, நிதானமாக, எட்டு வரிகளையும் அழித்தது.

அது மாதவி எழுதிய பத்தி.

இந்த வாரத்தில் இது மூன்றாம் முறை. முதல் முறை குணாளன்தான் தெரியாமல் அழித்துவிட்டான் என்று நினைத்தாள். அவனைத் திட்டவும் செய்தாள். இரண்டாம் முறை தன் கைதான் பட்டுவிட்டது என்று நினைத்தாள். இரண்டு முறையும் பழைய பதிப்பைத் தேடி மீட்டாள். இப்போது கண் முன்னாலேயே நடந்தது.



"யாரோ வெளி ஆளு," என்றான் குணாளன். "எப்படி உள்ள வந்தாங்க?"

மாதவிக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் கைப்பேசியை எடுத்து, தோட்டத்து வாட்ஸப் குழுவில் இதழின் இணைப்பைப் போட்டாள். 'நான் செய்தது, எல்லாரும் பாருங்க' என்றும் எழுதினாள். பார்ப்பதற்கு மட்டும் என்று மாற்றிவிட்டுப் போட்டிருக்க வேண்டும். மறந்துவிட்டாள். அந்தக் குழுவில் நூற்று எண்பத்து மூன்று பேர். தோட்டத்தை விட்டுப் போனவர்கள் யாரும் குழுவை விட்டுப் போகவில்லை.

"இந்த இணைப்பு வீட்டுச் சாவி மாதிரி. யாருக்கும் கொடுக்காதீங்க," என்று டீச்சர் முதல் நாளே சொல்லியிருந்தார்.

அவள் குணாளனிடம் சொன்னாள். 

"வாட்ஸப் குரூப்லயா?" அவன் வாயைப் பொத்திக்கொண்டான். "டீச்சருக்குத் தெரிஞ்சா உன்னை இதழ்லேருந்து தூக்கிடுவாங்க."

"தெரியும்."

"அப்பன்னா இப்பவே மூடிடு. பத்தியைத் திரும்பக் கொண்டாந்துடு. நாலு மணிக்கு டீச்சர் பகாவ் டவுன் அச்சகத்துக்கு அனுப்பிடுவாங்க. யாருக்கும் ஒண்ணும் தெரியாது."

மணி மூன்று பத்து.

மாதவி பத்தியை மீட்டாள். பிறகு இணைப்பை மூடும் பொத்தான் மேல் சுட்டியைக் கொண்டுபோனாள். 

அழுத்தவில்லை.

"ஏன் லா நிக்கிற?"

"அட்டையைத் தொடல. உன் புதிரைத் தொடல. மூணு தடவையும் இது ஒண்ணைத்தான் அழிக்குது."

"அதுக்கு?"

மாதவி தன் எட்டு வரிகளை மறுபடி படித்தாள். போன ஆண்டு விளையாட்டு விழாவைப் பற்றியவை. சாக்கு ஓட்டத்தில் அமீன் தடுக்கி விழுந்தான். அவன் கால்சட்டை பின்பக்கம் கிழிந்தது. மைதானமே சிரித்தது. 'ஓட்டப்பந்தயம் என்றாலே எங்களுக்கு அந்தக் கால்சட்டைதான் நினைவுக்கு வரும்' என்று முடித்திருந்தாள். இதழிலேயே நல்ல பத்தி அதுதான் என்று நினைத்திருந்தாள்.

அமீன் இப்போது இங்கே இல்லை. அப்பாவை அவன் 'அத்தா' என்பான். அவர் லோபாக் என்ற ஊருக்குப் போய்ச் சாப்பாட்டுக் கடை வைத்துவிட்டார்.

"குணா, அன்னிக்கு அமீன் சிரிச்சானா?"

"எல்லாருந்தான் சிரிச்சோம்."

"அவன்?"

குணாளன் யோசித்தான். "பையைப் பின்னால வச்சு மறைச்சிக்கிட்டு வீட்டுக்குப் போனான்."

சிவப்புக் கோடு மறுபடி பத்தியின் கடைசிக்கு வந்து நின்றது.

மாதவி அதன் கீழே தட்டினாள்: 'அமீன், நீயா?'

கோடு அசையவில்லை.  ஓடிவிடுவானோ என்று மாதவி திரையையே பார்த்தாள்.

பிறகு எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

'ஆமா. இதழ் என் புதுப் பள்ளிக்கும் வருமாம். இங்க யாருக்கும் அது தெரியாது. தெரிஞ்சா தினமும் சிரிப்பாங்க. டீச்சர்கிட்ட சொல்லிடாத. பயமா இருக்கு.'

'நாங்க உன்னைப் பாத்துத்தான் பயந்தோம்,' என்று மாதவி தட்டினாள். 'குணா பேய்னு சொன்னான்.'

பிறகு தன் எட்டு வரிகளையும் அவளே அழித்தாள்.

'என்னை மன்னிச்சிரு,' என்று எழுதினாள்.

கதவு திறந்தது. திலகா டீச்சர் ஈரக் குடையோடு வந்தார். நேரே திரையைப் பார்த்தார்.

"ஏழாம் பக்கம் ஏன் பாதி காலியா இருக்கு? இந்தச் சிவப்பு யாரு?"

குணாளன் மாதவியைப் பார்த்தான். மாதவி எழுந்து நின்றாள்.  இணைப்பை, குழுவை, பத்தியை, எல்லாவற்றையும் சொன்னாள்.

டீச்சர் குடையை மடக்கி மூலையில் வைத்தார்.

"சாவியை எத்தனை பேருக்குக் கொடுத்த?"

"நூத்தி எண்பத்து மூணு பேருக்கு, டீச்சர்."

"நல்லவேளை, ஒருத்தன்தான் வந்தான்." டீச்சர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "மூடு. நீயே மூடு. குழுவிலயும் நீயே தப்பைச் சொல்லணும்."

"சரி டீச்சர்." மாதவி தயங்கினாள். "ஒருத்தருக்கு மட்டும் திறந்து வைக்கலாமா? அந்த அரைப் பக்கத்தை அமீன் எழுதட்டும்."

டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு மணி வரைக்கும்தான்."

அமீன் தன் பள்ளி மின்னஞ்சலைத் தட்டினான். மாதவி அதைச் சேர்த்தாள். இணைப்பை மற்றவர்களுக்கு மூடினாள். சிவப்புக் கோடு மறைந்தது. மூவரும் காத்திருந்தார்கள்.

கோடு திரும்பி வந்தது. இப்போது அதன் மேல் 'அமீன்' என்று இருந்தது.

'என்ன எழுதட்டும்?'

'உனக்குப் பிடிச்சது,' என்று தட்டினாள் மாதவி.

கோடு கொஞ்சம் யோசித்தது. பிறகு வேகமாக ஓடியது.

'மூன்றாம் ஆண்டில் படிக்கும்போது ஒரு சேவலுக்குப் பயந்து குணாளன் மேசை மேல் ஏறினான்.'

"டீச்சர், மூடிடுங்க," என்றான் குணாளன்.

அந்த வரி உடனே அழிந்தது. 'சும்மா லா,' என்று வந்தது. பிறகு அதுவும் அழிந்தது.

நான்கு மணிக்கு ஏழாம் பக்கம் நிறைந்திருந்தது. அத்தா கடையில் முதல் நாள் இருபது தட்டு கழுவி, அதில் நான்கை உடைத்த கதை. டீச்சர் சத்தமாகப் படித்தார். மூவரும் சிரித்தார்கள்.

மாதவி கீழே தட்டினாள்: 'நீ சிரிக்கிறியா?'

'நான்தான் முதல்ல சிரிச்சேன்,' என்று வந்தது.