சக்கரத்துக்கு ஏற்றிய சூடம்

ரேணிகுண்டா விமான நிலைய வாசலில், வரிசையில் முன்னால் நின்றவனின் கண்கள் சிரித்தபோது, பிரித்திகாவுக்கு உச்சந்தலை வரை கோபம் ஏறியது.

சிரிக்காமல் என்ன செய்வான்? ஆதார் அட்டை எடுக்கக் கைப்பையைத் திறந்தவள், சூடப் பொட்டலத்தையும் தீப்பெட்டியையும் அவன் காலடியில் அல்லவா கொட்டிவிட்டாள்!

"ஏங்க... பிளேன் சக்கரத்துக்கே சூடம் ஏத்தப் போறீங்களா?"

வரிசையே சிரித்தது.

பாவம், அவளுக்கு இது முதல் விமானம். ஐதராபாத்தில் முதல் வேலை. ஒரு வாரமாய் போனில் படித்துப் படித்துத் தயாரானவள்... ஊறுகாய் பெரிய பெட்டியில், பவர் பேங்க் கைப்பையில், தண்ணீர் பாட்டில் காலியாக. நகரியில் தறி ஓட்டும் நைனாதான் கடைசி நிமிடத்தில் பொட்டலத்தைத் திணித்துவிட்டார். சக்கரத்துக்கு முன்னால் சூடம் ஏற்றாமல் அவர் வீட்டில் யாரும் புது வண்டி ஏறியதில்லை. அந்த ஒரு நிபந்தனையோடுதான் மகளைப் பறக்கவே விட்டார்.

"தீப்பெட்டி, சூடம் எதுவும் உள்ள விடமாட்டாங்க. போர்டுல போட்டுக்கிறாங்க பாருங்க," என்றான் அவன்.

"எனக்குத் தெரியும். உங்க வேலையப் பாருங்க!"

தெரியாது என்பது, காவலர் குப்பைத் தொட்டியைக் காட்டியபோதுதான் தெரிந்தது. அவள் கண் கலங்கிவிட்டது. "எங்க நைனா ஏத்தச் சொல்லிக் குடுத்த சூடம்... குப்பையிலா?" என்றாள். தெரிந்தால், அவள் இறங்கி போன் செய்யும்வரை மனுஷர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாரே...

"உங்க நைனா எங்க கீறாரு?" அவன் குரலில் இப்போது சிரிப்பில்லை.

"கார் நிறுத்துற எடத்துல... வெள்ளை ஆம்னி."

"நீங்க பெட்டியோட உள்ள போங்க. என்கிட்ட ஒரு பைதான், கடைசியா வந்தாலும் ஏறிடுவேன்." பொட்டலத்தை வாங்கிக்கொண்டு ஓடியேவிட்டான்.

விமானத்தில் அவளுக்கு ஜன்னலோரம். வெளியே தூறல். பக்கத்து இருக்கை காலி. சீட் பெல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். யாரையாவது கேட்கலாம்தான்... ரோஷம் விடவில்லை.

கதவு மூடப்போகும் நேரத்தில், வியர்க்க விறுவிறுக்க வந்து அந்த இருக்கையில் விழுந்தான் ஒருவன். அவனேதான்! கையெல்லாம் சூட வாசனை.

"ஏத்தியாச்சுங்க. ஆம்னி சக்கரத்துக்கு முன்னால ஏத்தி, பிளேன் கீற பக்கமா காட்டிக்கினு நின்னாரு உங்க நைனா. அப்பதான் மொகத்துல தெளிவே வந்துச்சு."

"அப்புறம் ஏன் சிரிச்சீங்களாம்?"

"எங்க புத்தூர்லயும் இதே கததான். முதல் தடவ எங்கம்மா எனக்கு எலுமிச்சம்பழமே குடுத்தாங்க... சக்கரத்துக்கு அடியில வைக்கச் சொல்லி!"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "பெல்ட்டு..." என்று முனகினாள். அவன் தன் பெல்ட்டை மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டிக் காட்டினான். விரல்கூட மேலே படவில்லை. அவள் மனசுக்குத்தான் படபடப்பு.

விமானம் நகர்ந்தது.

"ஒரு பொய் சொல்லிட்டேங்க... நீ யாருப்பான்னு உங்க நைனா கேட்டாரு. உங்க பொண்ணுகூடப் போறவன், பத்திரமா பாத்துக்குவேன்னுட்டேன். வாசல்ல நீங்க மொறச்சப்பவே... எனக்குப் புடிச்சிப்போச்சு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பேரு?"

"யோகேஷ்."

"எங்க நைனாகிட்ட பொய் சொல்றவங்கள எனக்குப் புடிக்காது, யோகேஷ்."

அவன் முகம் வாடிப்போனது.

"அதனால... அத நெசமாக்கிடுங்க."

சக்கரம் மண்ணை விட்டது. பயத்தில் அவன் கையைப் பிடித்தாள்... பயம் போன பிறகும் விடவில்லை.