ஒரு தட்டுக்கு இரண்டு தட்டு

எந்த சீட் வேண்டும் என்று கவுன்ட்டர் பெண் கேட்டாள். ஜன்னலோரம், மலை தெரிகிற பக்கம் என்றான் கண்ணாடி துடைப்பவன். பதினோரு மணி நேரப் பயணம், பட்டப்பகலில். அந்த ஜன்னலை ஆறு மாதம் முன்பே கேட்டு வைத்திருந்தவன் மாப்பிள்ளை, அவன் தங்கையைக் கட்டியவன்.

"வெளியில தொங்கிக்கிட்டே பாத்து சலிச்சுப்போச்சு மச்சான். ஒரு தடவையாவது உள்ள உக்காந்து பாக்கணும்."

மாப்பிள்ளை இப்போது அதே விமானத்தில், சரக்கு அறையில், பெட்டிக்குள் படுத்திருந்தான்.

இருவருக்கும் உயரமான கட்டடங்களில் வேலை. ஒருவன் வெளியே கயிற்றில் தொங்கித் துடைப்பான், மற்றவன் உள்ளே நிற்பான். காற்றில் கத்தினாலும் காதில் விழாது. அடுத்த ஜன்னலுக்கு நகரும்போது, புதுக் கயிற்றை மாட்டியாச்சா என்று கேட்க, வெளியே இருப்பவன் கண்ணாடியில் ஒரு தட்டு தட்டுவான். உள்ளே இருப்பவன் மாட்டிவிட்டு இரண்டு தட்டு தட்டுவான். அப்புறம்தான் பழைய கயிற்றின் கொக்கியைக் கழற்றுவது.

அன்றைக்கு உள்ளே நின்றவன் அவன்தான், கண்ணாடிக்கு முதுகைக் காட்டிப் போன் பேசிக்கொண்டிருந்தான். பின்னால் ஒரு தட்டு. பேச்சு நிற்கவில்லை, கை மட்டும் பின்னால் போய் இரண்டு தட்டு தட்டியது. பத்து வருஷப் பழக்கம்.

புதுக் கயிறு அவன் காலடியில் சுருண்டு கிடந்தது.

மாப்பிள்ளை கேட்காமலே கழற்றிவிட்டான் என்று மேஸ்திரியிடம் சொன்னான். ஊரில் இருந்த தங்கையிடமும் போனில் அதையே சொன்னான்.

"வீட்டுக் கதவையே அவரு ஒரு தட்டு தட்டிட்டு, நான் உள்ளேருந்து ரெண்டு தட்டினாத்தான் தள்ளுவாரு. அவரா கேக்காம கழட்டினாரு?"

ஆமாம் என்று சொல்லி போனை வைத்தான்.

மலை வந்தது. வெள்ளை முகடுகள் வெயிலில் கண்ணைக் குத்தின. வெளிக்கண்ணாடியில் உறைபனி பூத்திருந்தது. எங்கிருந்தோ சோப்புத் தண்ணீர் வாடை.

உறைபனி மேலிருந்து கீழாக ஒரு கோட்டில் வழிக்கப்பட்டது. பக்கத்திலேயே இன்னொரு கோடு. ரப்பர் பட்டையை இழுப்பவன் மூலைக்கு வந்ததும் மணிக்கட்டைத் திருப்புவான். அந்தத் திருப்பமும் அதில் இருந்தது.

டொக்.

ஒரே ஒரு தட்டு.

மறைப்பை இழுத்து மூடினான். வலது கையைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தான். பக்கத்து சீட்காரர் சிரித்தார். மூடி வைக்கத்தான் ஜன்னலைப் பிடித்தீர்களா தம்பி, எனக்காவது கொடுத்திருக்கலாமே என்றார்.

டொக்.

ஒன்பது மணி நேரம் அது விட்டு விட்டுக் கேட்டது. அவசரப்படவில்லை. பதில் வரும்வரை காத்திருக்கிற ஆள் மாப்பிள்ளை.

விமானம் இறங்கியபின், சரக்குக் கிடங்கில் தங்கை பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். அழுது முடித்த முகம்.

"நெஜத்தச் சொல்லுண்ணா. அவரு தட்டினாரா?"

"தட்டலம்மா."

டொக்.

அவள் உள்ளங்கைக்கு நேர் கீழே.

அவன் பல்லைக் கடித்தான். பாக்கெட்டுக்குள் இறுக்கி வைத்திருந்த கை வெளியே வந்தது. அவன் எடுக்கவில்லை, அதுவாக வந்து பெட்டியின் மேல் இரண்டு தட்டு தட்டியது.

தங்கை அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தை.

பெட்டிக்குள் ஒரு கொக்கி கழன்றது.