மூன்று ஜாக்கிகள் போன வழி

“என் ஜாக்கியைத் திருடிட்டாங்கம்மா” என்றார் பல் டாக்டர், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே. “ஒண்ணு இல்லை, மூணு. மூணு ஞாயித்துக்கிழமை, மூணு ஜாக்கி!”

சர்வேயரம்மா காபித் தம்ளரைக் கீழே வைத்தார். ஊரில் எந்த வண்டி எதில் மோதினாலும் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் அனுப்புவது அவரைத்தான். நசுங்கிய பம்பரைத் தடவிப் பார்த்தே, ஓட்டியவர் தூங்கினாரா பொய் சொல்கிறாரா என்று சொல்லிவிடுவார் எனப் பெயர். அதனாலேயே போலீசுக்குப் போகக் கூச்சப்படும் விவகாரங்களெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுக் கூடத்துக்கு வந்து சேரும்.

“கார் தூக்கற ஜாக்கியா?” என்று கேட்டுக்கொண்டே நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தார் அவருடைய மாப்பிள்ளை. மருந்துக்கடை வைத்திருப்பவர். வாரத்தில் ஆறு நாள் மாத்திரை எண்ணுவார். ஏழாவது நாள் மாமியாரோடு துப்புத் துலக்கக் கிளம்பிவிடுவார். ‘எங்கம்மா வீட்டுக்கு என்னைவிட நீங்கதான் அதிகம் போறீங்க’ என்று அவர் மனைவி சொல்லாத வாரமில்லை.

“முதல்லேருந்து சொல்லுங்க” என்றார் சர்வேயரம்மா.

பல் டாக்டரிடம் நாற்பது வருடப் பழைய கார் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமையானால் அதை அவரே பழுது பார்ப்பார். வேறு யாரையும் தொட விடமாட்டார்.

“இன்னியோட ரெண்டு வாரம் ஆச்சு. பின்பக்கத்து நடுவுல ஜாக்கி கொடுத்து, ரெண்டு சக்கரத்தையும் தூக்கிட்டு அடியில படுத்திருந்தேன். ஒரு போல்ட்டு துருப்பிடிச்சு இறுகிப் போச்சு. ஒரு மணி நேரம் மல்லுக்கட்டறேன், அசைய மாட்டேங்குது. அப்ப என் மனைவி வந்து, போன் வந்திருக்குன்னு கூப்பிட்டாங்க.”

“கைப்பேசியா?”

“இல்லை, கூடத்துல இருக்கற பழைய போன். நம்பரெல்லாம் தெரியாது. யாரோ ஒருத்தன், பல் வலியாம். எந்தப் பல்லுய்யான்னு கேட்டா, வாய்ல இருக்கற எல்லாப் பல்லையும் வரிசையா சொல்றான். கால் மணி நேரம் என்னை விடலை. கடைசில ‘ஐயோ, விழுந்துடுச்சு!’ன்னு ஒரு கத்து. பல்லா விழுந்துச்சுன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சைக் காணோம். அப்புறம் ‘ஆமாமா, பல்லுதான்’னு சொல்லிட்டு வெச்சுட்டான். கையைக் கழுவி, ஒரு காபியும் குடிச்சுட்டு ஷெட்டுக்குப் போனா, கார் நாலு சக்கரத்துலயும் நிக்குது. ஜாக்கியைக் காணோம்.”

“அப்புறம்?”

“அடுத்த வாரத்துக்குப் புது ஜாக்கி வாங்கி ஷெட்டுல வெச்சேன். ஞாயித்துக்கிழமை காலைல போய்ப் பார்த்தா அதுவும் இல்லை. திருடன் அவசரத்துல ரெண்டு மரக்கட்டையை விட்டுட்டுப் போயிருந்தான். கதவை நெம்பக் கொண்டாந்தது போலிருக்கு. இந்த வாரம் என் மச்சான்கிட்ட இரவல் வாங்கினேன். இன்னிக்குக் காலைல அதுவும் அவுட்டு!”

“யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?”

“மச்சான் மேலதான். கல்யாணம் ஆன நாளா அந்தக் கார் மேல அவனுக்கு ஒரு கண்ணு. பக்கத்து வீட்டுத் தையல்காரர் மேலயும் உண்டு. ரெண்டு வருஷம் முந்தி என் வண்டிப் புகை அவர் தெச்சுக் காயப்போட்ட வெள்ளைக் கோட்டுல படிஞ்சிருச்சாம். அன்னிலேருந்து பேச்சுவார்த்தை கிடையாது. தெருவுல பார்த்தா அவர் வானத்தைப் பார்ப்பார், நான் செருப்பைப் பார்ப்பேன்.”

மாப்பிள்ளை பரபரவென்று எழுதினார். “அத்தை, இது பெரிய கும்பல். பல் வலின்னு போன் பண்றது ஒருத்தன், ஜாக்கியை உருவறது ஒருத்தன். திட்டம் போட்டுச் செஞ்சிருக்காங்க!”

“மூணு ஜாக்கிக்காகவா மாப்பிள்ளை?” என்று சிரித்தபடி எழுந்தார் அவர். “வாங்க, இடத்தைப் பார்ப்போம்.”

ஷெட் என்பது வீட்டை ஒட்டிய தகரக் கூரை. காரின் மூக்கு வாசலைப் பார்த்திருந்தது. வண்டி கழுவும் தண்ணீர் வழிந்தோடுவதற்காகத் தரை வாசல் பக்கம் லேசாகச் சரிந்திருந்தது. சுவரில் ஸ்பேனர்கள் பெரிதிலிருந்து சிறிதாகத் தொங்கின. அலமாரியில் ஒரு ரேடியோவும் புதிய துளையிடும் மெஷினும் இருந்தன.

“இதுல எதுவும் போகலையா?”

“ஒரு திருகாணி போகலை.”

“கதவுக்குப் பூட்டு?”

“பூட்டே கிடையாதும்மா. தள்ளினாத் திறந்துக்கும்.”

சர்வேயரம்மா தலையசைத்தார். மூலையில் கிடந்த இரண்டு மரக்கட்டைகளை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். இரண்டும் ஒரே அளவு. ஒரு முனை தடித்து மறுமுனை சன்னமாகச் சரிந்திருந்தன. அறுத்த விளிம்பு ஓரமாக மெல்லிய நீலக்கோடு ஓடியது.

“சாக்பீஸ்!” என்றார் மாப்பிள்ளை. “திருடன் பள்ளிக்கூட வாத்தியார்!”

“வாத்தியார் கோடு இவ்வளவு சன்னமா வராது” என்று கட்டைகளை அவர் கையில் கொடுத்துவிட்டு, சர்வேயரம்மா தரையில் மண்டியிட்டார். புடவை அழுக்காவதைப் பற்றிக் கவலைப்படாமல் காரின் முன்பக்கத்துக்கு அடியில் டார்ச் அடித்தார்.

“உங்க வண்டி எண்ணெய் ஒழுகுமா, டாக்டர்?”

“வயசாச்சு இல்லையா. எப்பவும் அதே இடத்துல சொட்டு சொட்டா விழும்.”

“அதே இடமா? இங்க தட்டு அகலத்துக்கு ஒரு பழைய கறை இருக்கு, காஞ்சு கிடக்கு. வாசல் பக்கமா ஒரு சாண் தள்ளி உள்ளங்கை அளவு புதுக் கறை, ஈரமா இருக்கு. அந்த ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் வண்டியை நகர்த்தினீங்களா?”

“எப்படி நகர்த்தறது? வேலை பாதியில நிக்குதே.”

சர்வேயரம்மா காரின் பின்பக்கம் போனார். அச்சின் நேர் கீழே தரையில் விரல் நீளத்துக்கு ஒரு புதுக் கீறல். வாசலை நோக்கி இழுபட்டிருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தபோது அவர் முகத்திலிருந்த சிரிப்பு மறைந்தது. எழுந்து, கைகளைத் தட்டிக்கொண்டு, டாக்டரின் மனைவியைக் கூப்பிட்டார்.

“அன்னிக்கு இவர் போன் பேசிட்டிருந்தப்ப ஏதாவது சத்தம் கேட்டுச்சாம்மா?”

“கேட்டுச்சு. தொம்னு ஒண்ணு. பக்கத்து வீட்டுல பீரோவை நகர்த்தறாங்கன்னு நினைச்சேன்” என்றார் அவர். “ஏங்க, ஜாக்கி போனதுகூட நல்லதுதாங்க. நீங்க அடியில போய்ப் படுக்கறப்பல்லாம் நான் உள்ள சாமியைக் கும்பிட்டுட்டு இருக்கேன். சொன்னா எங்க கேக்கறீங்க?”

மாப்பிள்ளை மாமியார் காதருகே குனிந்தார். “அத்தை, இவங்களுக்குக் காரணம் இருக்கு. எழுதிக்கட்டுமா?”

“எழுதுங்க. உடனே அடிச்சிருங்க” என்றார் சர்வேயரம்மா. ஷெட்டின் திறந்த பக்கம் போய் நின்று அண்ணாந்து பார்த்தார். பக்கத்து வீட்டு மாடியில் ஒரே ஒரு ஜன்னல். அங்கே தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. வேறு எந்த வீட்டிலிருந்தும் இந்த ஷெட்டின் உள்ளே பார்க்க முடியாது.

“தையல்காரரே!” என்று குரல் கொடுத்தார். “பல் வலி எப்படி இருக்கு?”

மெஷின் நின்றது. ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது. கழுத்தில் அளவு நாடா, உதட்டில் இரண்டு குண்டூசி. ஊசிகளை எடுத்துவிட்டு, “யாருக்குங்க?” என்றார் அவர், கொஞ்சம் தாமதமாக.

“உங்களுக்குத்தான். அப்படியே அந்த மூணு ஜாக்கியையும் எடுத்துட்டு வாங்க.”

பல் டாக்டருக்குக் காது சிவந்தது. “நான் சொன்னேன் இல்லை? எனக்குக் குழி பறிக்கணும்னே...”

“கொஞ்சம் பொறுங்க” என்றார் சர்வேயரம்மா. “முதல்ல, உங்க காரை யாரும் இறக்கலை.”

“பின்னே?”

“ஜாக்கியைத் தளர்த்தி இறக்கினா வண்டி தூக்கின இடத்துலயே உக்காரும். உங்க வண்டி ஒரு சாண் முன்னாடி போயிருக்கு. எண்ணெய் பொய் சொல்லாது. நீங்க கை பிரேக்கை இழுத்து வெச்சிருப்பீங்க.”

“வெச்சிருந்தேன்!”

“அது பிடிக்கறது பின்சக்கரத்தை. நீங்க தூக்கினதே பின்சக்கரத்தை. ரெண்டும் அந்தரத்துல இருக்கறப்ப அது எதைப் பிடிக்கும்? முன்சக்கரம் சும்மா நிக்குது, அதுக்கு ஒரு முட்டு இல்லை. தரையோ சரிவு. அதுல நீங்க ஒரு மணி நேரம் போல்ட்டைப் பிடிச்சு உலுக்கியிருக்கீங்க. வண்டி கொஞ்சங்கொஞ்சமா முன்னாடி நகர்ந்து, ஜாக்கி சாய்ஞ்சு, கடைசில தரையைக் கீறிட்டுப் படுத்திருச்சு. அந்தத் தொம் சத்தம் பீரோ இல்லை.”

டாக்டரின் மனைவி கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அந்த நேரத்துல நீங்க அடியில இல்லை. ஏன்? ஒருத்தர் உங்களைக் கால் மணி நேரம் போன்ல பிடிச்சு வெச்சிருந்தார். பேசிட்டே இருந்தவர் ‘விழுந்துடுச்சு’ன்னு கத்தினார். பல்லு விழுந்தவன் ‘போச்சே, பல்லு’ம்பான். நீங்க கேட்டப்புறம் அவர் யோசிச்சுதான் பல்லுன்னு சொன்னார். ஏன்னா அவர் கண்ணு முன்னாடி விழுந்தது பல்லு இல்லை, கார். போன் பேசிட்டே இந்த ஷெட்டைப் பார்க்க முடியற ஜன்னல் ஊர்லயே ஒண்ணுதான்.”

“அப்ப இந்தக் கட்டை?” என்றார் மாப்பிள்ளை.

“பூட்டில்லாத கதவை நெம்ப யாராவது கட்டை கொண்டுவருவாங்களா? அது சக்கரத்துக்குக் குடுக்கற கட்டை. ரெண்டு சக்கரத்துக்கு ரெண்டு. துணி வெட்டறவங்க கோடு போடற நீலச் சாக்கட்டி அது. ஜாக்கியை எடுத்துட்டுக் கட்டையை வெச்சுட்டுப் போற திருடனை நான் இன்னிக்குத்தான் பார்க்கறேன்.”

அதற்குள் தையல்காரர் வந்துவிட்டார். துணி மூட்டைபோல ஒரு பழைய போர்வையில் கட்டி, மூன்று ஜாக்கிகளையும் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்து டாக்டரின் காலடியில் வைத்தார். முகத்தில் திருடனின் அச்சம் கொஞ்சமும் இல்லை. கோபம்தான் இருந்தது.

“முட்டுக்கட்டை போட்டுட்டேன்னு திட்டுங்க, கேட்டுக்கறேன்” என்றார். “பொத்தானுக்குக் காஜா எடுத்துட்டே பார்க்கறேன், உங்க ரெண்டு கால் வெளிய நீட்டிட்டு இருக்கு, நீங்க ஒவ்வொரு இழுப்புக்கும் வண்டி தொட்டில் மாதிரி ஆடுது. கத்தலாம்னு பார்த்தேன். திடுக்குனு எழுந்து முட்டினா, அதுலயே விழுந்துரும். உங்க போர்டுல வீட்டு நம்பர் இருந்துச்சு. அடிச்சேன். எனக்குத் தெரிஞ்ச பல்லெல்லாம் சொல்லித் தீர்த்துட்டேன். இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தா நாக்குல வலின்னு சொல்லியிருப்பேன்.”

“அப்புறம் சுவரேறி வந்து ஜாக்கியை எடுத்தீங்களா?” என்றார் சர்வேயரம்மா.

“பின்னே? எடுக்கலைன்னா காபி குடிச்சுட்டு மறுபடியும் உள்ளே போயிருப்பார்!”

டாக்டர் காலடியில் கிடந்த ஜாக்கிகளைக் குனிந்து பார்த்தார். “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“எப்படிச் சொல்றது? நாமதான் பேசறதில்லையே!”

மாப்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். தோள் மட்டும் குலுங்கியது.

தையல்காரர் காரின் பின்பக்கத்துக்குப் போய்க் குனிந்து, அச்சுக்கும் தரைக்கும் நடுவே கையை விரித்துக் காட்டினார். “முக்கால் சாண். உங்களுக்குக் கோட்டு தெச்சவன் நான். உங்க நெஞ்சளவு நாப்பத்திரண்டு இன்ச்சு. இதுக்குள்ள எங்க போகும், சொல்லுங்க!”

பல் டாக்டர் அந்த இடைவெளியைப் பார்த்தார். தன்னையறியாமல் ஒரு கை நெஞ்சுக்குப் போயிற்று. பிறகு படியில் மெல்ல உட்கார்ந்தார். அவர் மனைவி அழுதுகொண்டே சிரித்தார், சிரித்துக்கொண்டே தையல்காரரைப் பார்த்துக் கைகூப்பினார். வானத்தைப் பார்க்கலாமா என்று ஒரு கணம் யோசித்த தையல்காரர், இந்தத் தடவை அவர்கள் முகத்தையே பார்த்தார்.

“இந்த மாதிரி ரெண்டு கேஸ் பார்த்திருக்கேன்” என்றார் சர்வேயரம்மா. “ரெண்டு வீட்டுலயும் சொன்னது ஒண்ணுதான். ‘இத்தனை வருஷமா இப்படித்தான் செய்வார், ஒண்ணும் ஆனதில்லை.’ ஜாக்கி தூக்கறதுக்கு, டாக்டர். தாங்கறதுக்கு இல்லை. தாங்கறதுக்குன்னு இரும்பு ஸ்டாண்டு விக்கறாங்க.”

“இன்னிக்கே வாங்கறேன்.”

“வாங்கிட்டு, சமதரையில வெச்சு வேலை செய்யுங்க. இந்தச் சரிவு வண்டி கழுவ மட்டும்.”

தையல்காரர் தொண்டையைக் கனைத்தார். “எங்க வீட்டு முற்றம் சமதரைதான். சிமெண்டு போட்டது.” கொஞ்சம் நிறுத்தி, “வெள்ளைத் துணி காயலைன்னா வரலாம்” என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளைக்கு இருப்புக் கொள்ளவில்லை. கேஸ் முடிந்ததா என்று பார்க்க வேண்டும் என்று சொல்லி மாமியாரை இழுத்துக்கொண்டு போனார்.

கார் தையல்காரரின் முற்றத்துக்கு வந்திருந்தது. முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டைகள். பின்பக்கம் இரண்டு புது ஸ்டாண்டுகளின் மேல் உட்கார்ந்திருந்தது. பல் டாக்டர் தோளைக் கொடுத்து வண்டியை நாலா பக்கமும் பலமாகத் தள்ளிப் பார்த்தார். அது இம்மியும் அசையவில்லை. தள்ளியது போதாதென்று தையல்காரரும் வந்து ஒருமுறை தள்ளினார். அதன் பிறகுதான் டாக்டர் அடியில் போனார்.

தையல்காரர் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, மடியில் துணியை விரித்துக் காஜா எடுக்க ஆரம்பித்தார். ஒரு பொத்தான் துளை முடிந்ததும் ஊசியை நிறுத்தினார்.

“டாக்டர், இருக்கீங்களா?”

“இருக்கேன்!” என்றது காருக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

தையல்காரர் அடுத்த துளையைத் தொடங்கினார்.