கோடு விரல்

கண்ணாடியைத் துடைத்தாகிவிட்டது, மறுபடியும் துடைத்தாகிவிட்டது, ஈரம் போன பாடில்லை. ரேகை எடுக்கிற இயந்திரத்தின் கண்ணாடி ஒரு பிஸ்கட் அளவுதான் இருக்கும், அதில் இவ்வளவு ஈரம் எங்கிருந்து வந்து ஊறுகிறது என்று கார்டு அக்காவுக்கு எரிச்சலாக வந்தது. மதியத்துக்குப் பிறகு ஒரு ஈ காக்கை கூட உள்ளே வரவில்லை. துணியை முகர்ந்து பார்த்தாள். பாத்திரம் தேய்க்கிற சோப்புத் தூள் வாசனை அடித்தது.

அடையாள அட்டைப் பதிவு மையத்தில் வந்து உட்கார்ந்த நாளிலிருந்து அக்கம்பக்கம் எல்லோருக்கும் அவள் கார்டு அக்காதான். சுவரிலிருந்த டீவியில் வழக்கமான விவாதம் ஓடிக்கொண்டிருந்தது. அட்டையைக் கட்டாயமாக்கினால் திருட்டுப் புரட்டு ஒழியும் என்றார் ஒருவர். இயந்திரம் ஒரு ஆளை இல்லை என்று சொல்லிவிட்டால் அந்த ஆள் எங்கே போய் நிற்பது என்றார் இன்னொருவர். இரண்டு பேரும் தொண்டை கிழியக் கத்தி ஓய்ந்ததும், இன்று மாலை முதல் புது முறை, இனி ஒரு ரேகைக்கு ஒரே ஆள், பேருந்திலிருந்து வீட்டுக் கதவு வரை அதன்படிதான் என்று செய்தி வாசிப்பவர் சொன்னார். அவள் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பையை எடுத்துத் துணியை அதில் போட்டாள்.

வீட்டுக்காரர் போனில் வந்தார்.

"டீவி பாத்தியா? ஒரு கண்ணாடிச் சில்லு ஒத்துக்கிட்டாத்தான் மனுஷன் மனுஷனாம்."

"ஆரம்பிச்சிட்டீங்களா. தப்பு தண்டா பண்ணாதவங்களுக்கு என்ன பயம்? பாப்பா சாப்பிட்டாளா?"

"எங்க சாப்பிட்டா? அம்மா வந்தாத்தான்னு உக்காந்திருக்கா. கோடு விரல் வேணுமாம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சின்ன வயதில் கத்தி பட்டு அவள் வலது ஆள்காட்டி விரலில் ஒரு தழும்பு விழுந்திருந்தது. அந்த விரலைப் பிடித்துக்கொண்டால்தான் மகளுக்குச் சோறும் இறங்கும், தூக்கமும் வரும். இதோ கிளம்பிவிட்டேன் என்று சொல்லுங்கள் என்றாள்.

வேலை முடிந்ததற்கு அடையாளமாக அந்த விரலைக் கண்ணாடியில் வைத்தாள். 'நீங்கள் ஏற்கனவே வெளியேறிவிட்டீர்கள்' என்று திரை சொன்னது.

புது முறை வந்த அன்றே கோளாறா என்று முணுமுணுத்தபடி விளக்கை அணைத்தாள். அணைத்ததும் வாசல் பக்கத்து பெஞ்சு கண்ணில் பட்டது. அதன் ஒரு ஓரம் மட்டும் நனைந்திருந்தது. அங்கே யார் உட்காருவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். தெரியாதது போல் அவசரமாகத் தாண்டிப் போனாள்.

கல்யாண மண்டபங்களிலும் ஓட்டல்களிலும் பாத்திரம் தேய்த்துப் பிழைத்த பெண் அவர். வயது அறுபதுக்கு மேல். சாம்பலும் சோப்புத் தூளும் தின்று தீர்த்ததில் பத்து விரலும் வழவழவென்று கிடந்தன. எத்தனை முறை வைத்தாலும் இயந்திரம் சிவப்பைத்தான் காட்டியது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். இந்த மாதிரிச் சமயத்தில் பதிவு மையங்களில் எல்லோரும் செய்கிற ஒரு வேலை உண்டு. வந்தவரைக் கேமராவைப் பார்க்கச் சொல்லிவிட்டு, தன் விரலைக் கண்ணாடியில் வைத்துப் பச்சையை வாங்கிவிடுவார்கள். ஒரே ரேகை இரண்டு பேரிடம் இருப்பது அப்போதெல்லாம் இயந்திரத்துக்குத் தெரியாது. அவளும் அப்படித்தான் கோடு விரலை வைத்தாள். நல்லது செய்ததாகத்தான் அன்றைக்கு நினைத்தாள்.

அட்டை போய்ச் சேர்ந்தது. ஆனால் அந்த அம்மா போன இடத்திலெல்லாம் அவருடைய விரல் அவருடையது இல்லை என்றார்கள். ஆஸ்பத்திரியில் மருந்து தரவில்லை. மையத்துக்கு வந்து வந்து நின்றார். "நான் நான்தான்னு நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா" என்றார். சொன்னால் வேலை போய்விடும். "விரல் ஒத்துப் போகலைன்னா நான் என்னம்மா பண்றது?" என்று கார்டு அக்கா கைவிரித்துவிட்டாள். கடைசியாக வந்த அன்று அந்த அம்மா சண்டை போடவில்லை. இவள் கையைப் பிடித்துத் திருப்பி, தழும்பை ஈர விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தார்.

"பரவால்லம்மா. என்னோடது உங்ககிட்டதான இருக்கு. ஒரு நாள் வந்து வாங்கிக்கறேன்."

அதற்குப் பிறகு அவர் வரவே இல்லை. விசாரிக்க இவளுக்கும் மனசு வரவில்லை.

மழை தூறிக்கொண்டிருந்தது. பேருந்தில் ஏறி விரலை வைத்தாள். ஓட்டுநர் தன் திரையைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "பாத்து ஏறுங்கம்மா. வயசானவங்களுக்கு டிக்கெட் கிடையாது."

முப்பத்தாறு வயதுக்காரிக்கு இந்தக் கூத்தா, வீட்டுக்காரரிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்தாள். சிரிப்பு வரவில்லை. யாரோ ஒரு பெண் எழுந்து, முன்னால் இருந்த முதியோர் இருக்கையைக் காட்டினாள். ஜன்னல் கண்ணாடியில் மழைத்தண்ணீர் வழிய, அதில் தெரிந்த தன் முகத்தை அவள் உற்றுப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது, அதுதான் உண்மை. போனைத் திறக்க விரலை வைத்தாள், திறக்கவில்லை. ஈரம்தான் காரணம் என்று சட்டையில் துடைத்தாள். துடைக்கத் துடைக்க விரலிலிருந்து சோப்புத் தூள் வாசனை வந்தது.

குடியிருப்பு வாசலில் காவலாளி கூண்டுக்குள் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். அதே விவாதம், அதே கத்தல்.

"அண்ணே, கதவு திறக்க மாட்டேங்குது. நான்தான், மூணாம் மாடி கார்டு அக்கா."

அவர் தலையைத் தூக்கவில்லை. "அக்கா இப்பதான மேல போனாங்க."

யாரோ வெளியே வந்தார்கள். கதவு மூடுவதற்குள் உள்ளே நுழைந்துவிட்டாள். லிஃப்டும் விரல் கேட்டது. படியில் ஏறினாள். முட்டி வலித்தது. இதற்கு முன் வலித்ததே இல்லை. மேலே எங்கோ இரும்பு நாரால் பாத்திரம் தேய்க்கிற சத்தம், அவசரமே இல்லாமல், கரக் கரக் என்று, ஒவ்வொரு மாடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வந்துகொண்டிருந்தது.

அவள் வீட்டுக் கதவுக்குப் பின்னால்தான்.

உள்ளே மகள் சிரித்தாள்.

"இன்னிக்கு என்ன சீக்கிரம் வந்துட்ட?" வீட்டுக்காரர் குரல்.

"பாப்பா பசியோட இருப்பாளேன்னுதான்."

அது அவளுடைய குரல்.

விரலை வைத்தாள். சிவப்பு. துடைத்து வைத்தாள். சிவப்பு. மாடி விளக்குக்கு நேராகக் கையைப் பிடித்துப் பார்த்தாள். தழும்பு இல்லை. கோடுகள் இல்லை. பத்து விரலும் வெளுத்து, வழவழவென்று.

மணியை அடித்தாள். தேய்க்கிற சத்தம் நின்றது. சின்னக் கால்கள் ஓடி வந்தன. நாற்காலி இழுபட்டது. கதவில் எட்டிப் பார்க்கிற ஓட்டை இருண்டது.

"பாப்பா. அம்மாடா. கதவத் திற."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "அம்மா, பாத்திரம் தேய்க்கிற ஆயா யாரோ வந்திருக்காங்க. அழறாங்க."

"நீ போய்ச் சாப்பிடு கண்ணு. நான் பாக்கறேன்."

சங்கிலி அளவுக்குக் கதவு திறந்தது. சோப்பு வாசனை முகத்தில் அடித்தது. இடுக்கில் ஒரு கை வந்தது, நுரை சொட்டச் சொட்ட. ஆள்காட்டி விரலில் கத்தி பட்ட தழும்பு. அது வெளிப்பக்கப் பூட்டின் கண்ணாடியைத் தடவித் தேடி, தழும்பு விரலை அதில் பதமாக வைத்தது. பச்சை.

"நான் நான்தான்னு நீங்களாவது சொல்லுங்கம்மா" என்று கார்டு அக்காவின் வாய் தானாகக் கெஞ்சியது. குரல் அவளுடையதாக இல்லை.

"விரல் ஒத்துப் போகலைன்னா நான் என்னம்மா பண்றது?"

கை உள்ளே போனது. கதவு மூடியது. தாழ் விழுந்தது. உள்ளே மகள் கேட்டாள், "அம்மா, கோடு விரல் குடு." கொடுக்கப்பட்டது போலும். சாப்பிடுகிற சத்தம் கேட்டது.

அவள் பையிலிருந்து துணியை எடுத்தாள். கண்ணாடியைத் துடைத்தாள். விரலை வைத்தாள். சிவப்பு. மறுபடியும் துடைத்தாள்.