சலுகையில் ஒரு சடலம்

"ஐயோ... கொலை!"

காலை ஷிஃப்டுக்குக் கதவைத் திறந்த சூப்பர்வைசர் போட்ட அலறலில் பட்டன் ஃபேக்டரியே குலுங்கியது.

இரும்புப் படிக்கட்டுக்குக் கீழே, சட்டைப் பட்டன் குவியல் மேல், கோட்டு சூட்டோடு ஒரு ஆள் மல்லாந்து கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது!

இன்ஸ்பெக்டர் வந்தார்.

"யாருய்யா இது?"

முதலாளி முன்னால் வந்தார்.

"சார்... இவர்தான் நிஜ முதலாளி. நான்... டூப்ளிகேட்!"

"என்னது?!"

"கிராமத்துல ஃபேக்டரி வெச்சு, முதலாளியும் அங்கயே குடியிருந்தா பத்து வருஷத்துக்கு வரி கிடையாதுன்னு சட்டம் வந்துச்சில்ல? இவருக்கு வரியும் பிடிக்காது, கிராமமும் பிடிக்காது. அதான் இவர் பேர்ல இங்க குடியிருக்க என்னை வெச்சார். நான் நாடக நடிகன் சார்."

நடிகர் நடிப்போடு நிறுத்தியிருக்கலாம். அங்கேதான் வினை!

ஊர்க்காரர்களை வேலைக்கு எடுத்தார். சம்பளத்தை ஒழுங்காகக் கொடுத்தார். பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடத்தில் மறுபடி மணி அடித்தது. ஊரைப் பார்த்ததும் வேகமெடுத்துப் பறந்த பஸ், இப்போது நின்று ஆளேற்றிப் போனது. பியூட்டி பார்லர்கூட வந்துவிட்டது!

சட்டம் போட்டவர்களே எதிர்பார்க்காத விபத்து... சலுகை வேலை செய்துவிட்டது!

"நேத்து எதுக்கு வந்தார்?"

"பத்து வருஷம் முடியப் போகுது. இதை மூடிட்டு வேற கிராமத்துக்குப் போறேன்னார். சண்டை போட்டேன். ஆனா தள்ளல சார்!"

"கைய நீட்டுய்யா!"

விலங்கு மின்னிய நேரம்... வாசலில் கார்!

இறங்கினாள், நிஜ முதலாளியின் மனைவி.

"உங்க வீட்டுக்காரரான்னு பாருங்கம்மா."

பார்த்தாள். இமைகூட அசையவில்லை.

"இது யாருன்னே தெரியல. என் வீட்டுக்காரர் இதோ நிக்கிறாரே!" டூப்ளிகேட்டின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அதிர்ச்சியில உளர்றார், பாவம். சந்தேகம்னா வரி ஆபீஸ்ல கேளுங்க."

இன்ஸ்பெக்டர் போன் போட்டார். வரி அதிகாரி பதறினார்.

"அவரேதான் சார் முதலாளி! இல்லன்னா... பத்து வருஷமா நேர்ல போய் என்னத்தய்யா பார்த்தேன்னு என்னைக் கேப்பாங்க!"

"அடையாளம் தெரியாத ஆள். திருட வந்து, கால் இடறி..." இன்ஸ்பெக்டரின் விலங்கு பைக்குள் போனது.

ஜீப்பும் போனது.

"அம்மா... சத்தியமா நான் தள்ளல!"

"தெரியும். தள்ளினது நான்தானே!"

"எ... எதுக்கு?"

"நேத்து அவர்கூட கார்ல நானும்தான் வந்தேன். நீங்க கோவிச்சுக்கிட்டுப் போனப்புறம் அவரே சொன்னார். புது ஊர், புது ஃபேக்டரி, புது சலுகை... சரின்னேன். அடுத்து, புதுப் பொண்டாட்டின்னார்!"

"அப்ப... நம்ம ஃபேக்டரி?"

"ஓடட்டும். இனிமே வரியக் கட்டித் தொலைப்போம்."

நடிகர் ஓரடி பின்வாங்கினார்.

"எனக்கு... ஏற்கனவே கல்யாணம் ஆயிடுச்சும்மா!"

"பயப்படாதீங்க. நீங்க பேப்பர்லதான் புருஷன்... அவரும் அப்படித்தான் இருந்தார்!"